விசாரிக்க ஆளில்லாத கவுண்டி

என்னுடைய பழைய புருசன் எப்படிப்பட்ட ஆள் என்று என்னிடமே விசாரிக்க ஒரு தாய் வந்தாள். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தங்கச்சி, குறை நினையாதையும். உம்மட பழைய ஆளின்ரை பேச்சுக்கால் எங்கட மகளுக்கு வந்திருக்கு. நீர் அங்கை இருந்தனீர்தானே. இடம் என்ன மாதிரி?"

நான் பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில், ரூ காய் என்கிற தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் கல்லாவில் நிற்கிறவள். பனங்கட்டி வந்துவிட்டதா, இந்த மீன் எந்தக் கடல், ஒடியல்மா புதிதா பழையதா என்று நாள் முழுக்கக் கேட்பார்கள், நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன். கல்யாணப் பேச்சையும் கத்தரிக்காயோடு சேர்த்துக் கேட்கிற சனம்தான். ஆனால் இப்படி ஒரு கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்க ஒருத்திக்குத் துணிவு வரும் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற கிழவருக்கு மிச்சத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, "கொஞ்சம் இருங்கோ அக்கா, கதைப்பம்" என்றேன்.

கல்யாணப் பேச்சுக்கால் என்றால் விசாரிப்பு இல்லாமல் இல்லை. எங்கள் சனத்தின் உலகப் படம் வேறு மாதிரி. நோர்வே என்றால் பனி, கடல் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நாங்கள் "அங்கை எங்கட ஊர் ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றுதான் கேட்போம். மாப்பிள்ளை எங்கே இருக்கிறாரோ அங்கே உள்ள ஊர்க்காரருக்கு ஒரு போன். பின்னேரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். குடிப்பாரா, யாரோடு குடிப்பார், தாய்க்கு என்ன வருத்தம், தமக்கை ஏன் வாழாமல் வந்தவள், எல்லாம். பொலிஸ் தோற்றுப்போகும்.

என் கல்யாணத்துக்கு மட்டும் அந்த விசாரிப்பு நடக்கவில்லை. மாப்பிள்ளை அமெரிக்காவில், பெயர் சொன்னால் இங்கே ஒருத்தருக்கும் தெரியாத ஒரு கவுண்டியில் இருந்தார். அங்கே எங்கள் ஊர் ஆள் மட்டுமல்ல, தமிழ் பேசுகிற ஆளே கிடையாது. "எங்களுக்கு என்ன பிள்ளை தெரியும்? விசாரிக்க அங்கை ஆர் இருந்தவை?" என்று அம்மா பிறகு எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறா. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் அம்மாவை மன்னித்தேன். தெரியாமல் செய்தவ, பாவம் என்று.

கேட்க வந்த அக்கா ஸ்தேன் புறநகரில் இருக்கிறவ. கோயிலிலும் செத்த வீட்டிலும் கண்டிருக்கிறேன், நெருங்கிய பழக்கம் இல்லை. கூட வந்திருந்த மகள் தயிர்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குளிர்ப்பெட்டியில் சாய்ந்தபடி நின்றாள். கழுத்தில் ஹெட்போன், கையில் போன். படித்து முடித்து ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தவள். என்னுடைய பழைய புருசனுக்குக் காது ஓரம் நரைத்து எத்தனையோ காலம்.

அந்தப் பிள்ளையின் கதையும் எனக்குத் தெரியும். லாச்சப்பலில் தெரியாத கதை எது? கார் து நோர் ரயில் நிலைய மேடையில் ஒரு பெடியனோடு கை கோத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெடியன் எங்கட ஆள் இல்லை. அவள் ரயிலேறி ஸ்தேனுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னமே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. இங்கே சேலை விற்கும், நகை விற்கும், கொத்துரொட்டி விற்கும், ஆனால் எல்லாவற்றையும்விட ஓடி விற்பது கதைதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமோ?

எனக்கும் அப்படி ஒரு கதை இருந்தது. ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நின்ற பெடியன். அவன் எங்கட ஆள்தான், ஆனால் சாதி வேறு. அதைப் பிடித்துக்கொண்டு இந்தத் தெரு என்னை எப்படிக் கிழித்தது என்று எழுதினால் இந்தக் காகிதம் நாறும். அதற்குப் பிறகுதான் எனக்கு அமெரிக்காப் பேச்சுக்கால் வந்தது.

ஆகவே அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு என் கதைதான் நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறந்தால் இவள் தப்புவாள், மூடினால் போய்ச் சேருவாள் என்று எனக்குப் பட்டது. எனக்கு விசாரிக்க ஆள் இருக்கவில்லை, இவளுக்கு நான் இருக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்லி இந்தப் பேச்சை இன்றைக்கே முறிப்பது என்று தீர்மானித்தேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்" என்பார்கள். ஒரு கல்யாணத்தை நிறுத்த உண்மை காணும், வேறொன்றும் வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, அது அமெரிக்கா இல்லை," என்று தொடங்கினேன். "நீங்கள் படத்திலை பாக்கிற அமெரிக்காவை மறந்துபோடுங்கோ."

கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி, நாங்கள் இங்கே டிப்பார்ட்மென்ட் என்கிறோமே, அப்படி ஒரு துண்டு நிலம். முதலில் அங்கே இருந்த பூர்வீகச் சனத்தைக் கலைத்தார்கள். இப்போது ஆற்றின் பெயரில் மட்டும் அவர்கள் இருக்கிறார்கள். பிறகு ரயில் கொம்பனி வந்தது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் நிலத்தைத் துண்டுபோட்டு, கோதுமை பொன்னாக விளையும் என்று விளம்பரம் ஒட்டி, எங்கெங்கோ இருந்த ஏழைச் சனத்தைக் கொண்டுவந்து இறக்கியது. வந்த பிறகுதான் தெரிந்தது, மழை அந்த விளம்பரத்தைப் படிக்கவில்லை என்று. அவர்களும் விசாரிக்க ஆள் இல்லாமல் வந்தவர்கள்தான்.

பிறகு நிலக்கரி கண்டுபிடித்தார்கள். ஒரு தலைமுறை நன்றாகத் தின்றது. சுரங்கத்தை மூடியதும் பன்றி வெட்டித் தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலை வந்தது, அதுவும் போனது. ரயில் மட்டும் போகிறது, நிற்பதில்லை. பள்ளிக்கூடங்களை ஒன்றாக்கினார்கள், வங்கியை மூடினார்கள். கடைசியில், தங்கள் கவுண்டிக்கு ஒரு சிறைச்சாலை வரவேண்டும் என்று தேவாலயத்தில் முழங்காலில் நின்று செபித்திருக்கிறார்கள். கடவுளும் கேட்டுவிட்டார். கம்பிவேலி போட்ட பெரிய சிறைச்சாலை வந்தது. தகப்பன்மார் சுரங்கத்துக்குப் போன அதே பாதையில் பிள்ளைகள் காவல்காரர் உடுப்போடு போகத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை. அந்த நெடுஞ்சாலையில் என் புருசனுடைய பெற்றோல் நிலையம் இருந்தது. நான் அங்கேயும் கல்லாவில்தான் நின்றேன். இரண்டு கண்டத்தில் கல்லா பார்த்த ராசாத்தி நான். தொப்பி போட்ட கிழவர்கள் காலையில் வந்து கோப்பிக் கோப்பையோடு நின்று, கவுண்டியைக் கொன்றது யார் என்று சண்டை பிடிப்பார்கள். ஒருவர் கொம்பனி என்பார், மற்றவர் தொழிற்சங்கம் என்பார், இன்னொருவர் தண்ணீர் கெடுகிறது என்று வழக்குப் போட்ட நகரத்துச் சனம் என்பார். ஒவ்வொரு நாளும் அதே கொலை, அதே வழக்கு. நான் பால் வைக்கிற அதே குளிர்ப்பெட்டியிலிருந்து மண்புழு டப்பாவை எடுத்துக் கொடுப்பேன், மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு.

"பாலுக்குப் பக்கத்திலை புழுவோ?" என்று அக்கா மூக்கைச் சுளித்தா.

"ஓம் அக்கா. முதல் கிழமை நான் சத்தி எடுத்தனான்."

"கோயில்?"

"இல்லை."

"எங்கட சாமான் கடை?"

"பக்கத்துக் கவுண்டியிலையும் இல்லை. அதுக்குப் பக்கத்துக் கவுண்டியிலையும் இல்லை."

அக்கா தலையை ஆட்டினா. முருங்கைக்காயைத் தட்டில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தா. கண் விரிந்திருந்தது. பயந்துவிட்டா, வேலை நடக்கிறது என்று எனக்குள் ஒரு சந்தோசம். இன்னும் சொன்னேன். குளிர்காலத்தில் வீட்டுக் கதவு உறைந்து திறக்காது என்றேன். வேட்டைக் காலத்தில் செத்த மான் நாக்கைத் தொங்கப்போட்டபடி வாகனத்தில் கிடக்கும், அதற்குப் பக்கத்தில் நின்றுதான் அவர்களோடு கதைக்க வேண்டும் என்றேன். தமிழில் ஒரு சொல் காதில் விழாமல் மாதக்கணக்கில் இருந்து, கடைசியில் சாமான் பெட்டிகளோடு தமிழில் கதைத்தேன் என்றேன். அதெல்லாம் உண்மை.

"ஆள் என்ன மாதிரி? கை நீட்டுவாரோ?"

அதையும் மறைக்கவில்லை. "இல்லை அக்கா. குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். அந்த இடத்தை நம்புவார். அதுதான் அவருக்கு வெறி."

அப்படித்தான் அவர். யாரோ விற்றுவிட்டு ஓடியதை வாங்கி, "இது திரும்பி வரும், பாரும்" என்று காத்திருந்த மனுசன். காற்றாலை வரப்போகுது, புதுத் தொழிற்சாலை வரப்போகுது, நெடுஞ்சாலையை அகலமாக்கப் போகினம். என்னை ஒருநாளும் ஏசியதில்லை, ஒருநாளும் கேட்டதுமில்லை. நான் அழுதால் கடைக்குப் போய் விளக்கைத் துடைப்பார்.

"அக்கா, பிள்ளைப்பேற்றுக்கு அங்கை ஆஸ்பத்திரி இல்லை," என்றேன். இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும். சொல்லாமல் விடலாம் என்றுதான் அதுவரை சுற்றி வந்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டடம் இருந்தது. நான் போவதற்கு முன்னமே பிள்ளை பெறுகிற பகுதியை மூடிவிட்டார்கள். ஒரு இடம் சாகும்போது முதலில் அதைத்தான் மூடுவார்கள் போல. பிள்ளை பெற இரண்டு கவுண்டி தாண்டிப் போகவேண்டும். எனக்கு வலி வந்தது பனிக்காலத்து மத்தியானத்தில். சிறைச்சாலையில் வேலைமுறை மாறுகிற நேரம். பம்பில் காருக்குப் பின்னால் கார். "கொஞ்சம் பொறும், இந்த வரிசை முடியட்டும், இதுதான் எங்கட நேரம்" என்றார் அவர். பொறுத்தேன். பொறு என்று சொல்லித்தானே எங்களை வளர்க்கிறார்கள். வரிசை முடிந்து வெளிக்கிட்டபோது பனியில் பாதை மூடத் தொடங்கிவிட்டது. கோதுமை கொட்டி வைக்கிற கோபுரம் ஒன்றுக்குக் கீழே, காரின் பின் இருக்கையில் பிறந்தாள். மூக்கும் முழியுமாக என் அம்மாவை உரித்து வைத்தாற்போல ஒரு பெட்டை. மூச்சு மட்டும் இல்லை.

அவளைச் சுரங்கத்தில் செத்தவர்களுக்குப் பக்கத்தில் புதைத்தோம். கல்லில் பெயரைத் தமிழில் வெட்ட ஆள் இல்லை. அன்றைக்குப் பின்னேரம் அவர் பெற்றோல் நிலையத்தைத் திறந்தார், பாதையில் போகிற சனம் பாவம் என்று. வெறுப்பு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பனி உருக, கோப்பி குடிக்க வருகிற கிழவர் ஒருவரின் மனைவி என்னைத் தன் வாகனத்தில் விமானநிலையத்தில் கொண்டுபோய் விட்டா. இங்கே ரூவாஸியில் வந்து இறங்கியபோது என்னைக் கூட்டிப்போக ஒருத்தரும் வரவில்லை. அம்மா வீட்டுக் கதவைத் திறந்து முதல் கேட்டது, "வரேக்கை ஆரும் கண்டவையோ?"

கடையில் இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. பிள்ளை பாதையில் செத்ததைச் சொன்னேன், புதைத்ததைச் சொன்னேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, என்ரை அம்மாளாச்சி" என்று என் கையைப் பிடித்தா. பொய்யில்லை, உண்மையாகத்தான் கலங்கினா. முடிந்தது, இனி இவ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவா என்று நினைத்தேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டா: "அப்ப, அங்கை எங்கட ஆக்கள் எண்டு ஒருத்தருமே இல்லையோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு சொல்லியும் அதே கேள்வியா? "இருக்கிறா அக்கா," என்றேன். "ஒராள் இருக்கிறா. என்ரை மகள். சுடலையிலை."

அக்கா என் கையைத் தடவினா. ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னா.

"அது பச்சைப் பிள்ளை. அது கதைக்கப்போறதே?"

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கோயில் இல்லை, கடை இல்லை, ஆள் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அந்த முகத்தில் வந்தது பயமில்லை. நிம்மதி. நான் குறை என்று அடுக்கியதை எல்லாம் அவ வசதி என்று எடுத்து மடியில் முடிந்துகொண்டிருந்தா.

நான் மகளிடம் திரும்பினேன். பிரெஞ்சில் சொன்னேன்: "உனக்கு வயதிருக்கு, வேலை இருக்கு. மாட்டேன் என்று சொல். ஒருத்தரும் உன்னைக் கட்டி ஏற்ற முடியாது."

அவள் போனிலிருந்து தலையை எடுத்தாள். அழுது முடித்த முகம். "அம்மா மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை, மதாம்," என்று பிரெஞ்சில் சொன்னாள். "நான் சமைத்தால் சாப்பிடுவதில்லை. தெருவில் இறங்கினால் ஒவ்வொரு கடையும் என்னைப் பார்க்கிறது. நீங்களும்தான் பார்த்தீர்கள், நான் உள்ளே வரும்போது." பிறகு, "அங்கே ரயில் நிற்குமா?" என்று கேட்டாள்.

"போகும். நிற்காது."

அவள் ஹெட்போனைத் தூக்கிக் காதில் போட்டாள்.

"என்னவாம்?" என்றா தாய்.

"ரயில் இருக்கோ எண்டு கேக்கிறா."

"ரயில் எதுக்கு? ஆர் அங்கையிருந்து வெளிக்கிடப் போகினம்?" அக்கா முருங்கைக்காய், வெண்டிக்காய், ஒரு பை மா எல்லாவற்றையும் என் முன்னால் வைத்தா. முகம் தெளிந்திருந்தது. "பெரிய உதவி தங்கச்சி. ஆவணியிலையே கல்யாண எழுத்தை வைச்சிடுவம். எனக்கு மனசுக்குள்ளை ஒரு சின்னப் பயம் இருந்தது, இப்ப அங்கையும் எங்கட ஆக்கள் ஆரும் போய்ச் சேர்ந்திருப்பினமோ எண்டு. அதுதான் உம்மட்டைக் கேட்டுப்போட்டு முடிவெடுப்பம் எண்டு வந்தனான். உம்மட அம்மா சொன்னதும் சரிதான்."

"அம்மாவோ? அம்மா என்ன சொன்னவ?"

"உம்மட அம்மாதானே இந்தப் பேச்சுக்காலைச் சொன்னவ. உமக்குத் தெரியாதே?" வியப்போடு பார்த்தா. "உமக்கு அந்த நேரம் லண்டனிலையும் ஒண்டு வந்ததாம், ரொறன்ரோவிலையும் ஒண்டு வந்ததாம். லண்டன், கனடா எண்டால் கதை பின்னாலை வந்து சேரும், அதாலை அங்கை குடுக்கேல்லை எண்டவ. 'ஒரு குருவியும் இல்லாத இடமாப் பாத்துத்தான் நான் அனுப்பினனான், நீயும் அப்பிடிச் செய், பெட்டை தப்பும்' எண்டு சொன்னவ. பெத்த மனம் பித்து எண்டு சும்மாவே சொல்லுறவை?"

நான் சாமானைப் பையில் போட்டேன். மா அடியில், வெண்டிக்காய் மேலே, நசியாமல். அது கை தானாகச் செய்கிற வேலை. தாய் முன்னால் நடந்தா, மகள் பின்னால். ரூ காயில் அந்த நேரம் நல்ல சனம். எதிர்ச் சேலைக்கடை வாசலில் நின்ற இரண்டு பேர் அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்கள். அவள் குனிந்துகொண்டே மெத்ரோப் பக்கம் போனாள்.

கல்லாவை மற்றப் பெடியனிடம் விட்டுவிட்டு, பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். தம்பி வீட்டில் இருக்கிறா. டீவிச் சத்தம் கேட்டது.

"அம்மா, அந்த ஸ்தேன் அக்கா வந்தவ. மகளையும் கூட்டிக்கொண்டு வந்தவ."

"ம்."

"எனக்கு லண்டனிலை ஒண்டு வந்ததோ, அம்மா?"

டீவிச் சத்தம் குறைந்தது.

"விசாரிக்க ஆளில்லை எண்டு இவ்வளவு காலமும் அழுதியள். ஆளில்லாத இடம் எண்டு தெரிஞ்சுதானே அனுப்பினீங்கள்? சொல்லுங்கோ அம்மா. என்ரை பிள்ளை அங்கை கிடக்குது. தெரிஞ்சுதானே?"

அம்மா அழவில்லை. ஏசவும் இல்லை. கடைக்கு மீன் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டா.

"நீ அவைக்கு என்ன சொன்னனீ?"

"உள்ளதைச் சொன்னனான்."

"அது காணும்," என்றுவிட்டுப் போனை வைத்தா.